அந்த ஒரு மாதத்தை மாற்றுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

மட்டக்களப்பிலிருந்து ஐந்து பேர், அம்பாறை மாவட்டமான திகாமடுல்லையிலிருந்து ஏழு பேர், பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் ஆளும் பக்கம், சிலர் எதிர்ப்பக்கம். தமிழரும் இருக்கிறீர்கள், முஸ்லிம்களும் சிங்களவர்களும் இருக்கிறீர்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துச் சொல்லுங்கள், ஏனென்றால் இது யாரோ ஒருவருடைய இனத்துப் பிரச்சினை இல்லை. அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் போக இருக்கிற ஒரு மாதக் கெடுவை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிறேன். தமிழும் குடியியற் கல்வியும் படிப்பித்தேன். உலக மனித உரிமைப் பிரகடனம் வந்த 1948 டிசம்பர் 10 என்ற திகதியைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எல்லா மனிதரும் பிறப்பால் சமம், எவரையும் சித்திரவதை செய்யக் கூடாது, காரணமில்லாமல் பிடித்து வைக்கக் கூடாது என்று பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள், நானும் சரி போட்டுக் கொடுப்பேன். இப்போது என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான், அல்லது அவர்களுடைய தாய்மார். கிராம சேவகருக்கு ஒரு கடிதம், பிரதேச செயலகத்துக்கு ஒரு மனு, வங்கிக்கு ஒரு விண்ணப்பம் என்று கேட்டு வருவார்கள், எழுதிக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை.

இந்த மடலை எழுத வைத்தது என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன். எனக்கு மகன் முறை. படுவான்கரையில் வெட்டு மெசின் ஓட்டுகிறான். பெரும்போக வேளாண்மை வெட்டு நேரம், ஒரு நாள் இராத்திரி வயல் வட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது பொலிஸார் மறித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யாருடையதோ தண்ணீர் பம்ப் களவு போனதாம், இவனையும் அந்தப் பக்கம் கண்டார்களாம். எந்தப் பொலிஸ் நிலையம் என்று இங்கே எழுதவில்லை. அவனும் தாயும் வேண்டாம் என்றார்கள், அவர்கள் அந்தத் தெருவால்தான் தினமும் போய்வர வேண்டும். இரண்டு இரவு வைத்திருந்தார்கள். பிடித்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நிறுத்தவில்லை. பதிவும் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். இடது காதில் அடித்த அடியில் அவனுக்கு இன்றைக்கும் அந்தக் காது கேட்காது. மூன்றாம் நாள் விடியப்புறம், "வெளியில போய்ச் சொன்னா மறுகா என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பம்ப் அப்புறம் வேறொரு இடத்தில் அகப்பட்டதாம்.

தாய் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவ. மெசினால் விழுந்துவிட்டான் என்று சொன்னவ. அப்படிச் சொன்னதால் சட்ட வைத்திய அதிகாரி பார்க்கவில்லை. அவவைக் குறை சொல்ல என்னால் முடியாது. 1990இல் அவவுடைய தமையனைக் கூட்டிக்கொண்டு போனவர்களையும் இப்படித்தான் எல்லாரும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தத் தமையன் இன்னும் வரவில்லை. பயம் என்பது எங்கள் வீடுகளில் தாய்ப்பாலோடு ஊட்டியது.

காது சரிவரவில்லை, கிளினிக்கில் டாக்டர் இது விழுந்த காயமில்லையே என்று கேட்டிருக்கிறார், அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள். "பெரியம்மா, இதுக்கு ஒண்டும் செய்ய ஏலாதா" என்று கேட்டான். நான் உற்சாகமாகத்தான் சொன்னேன், ஏன் ஏலாது, சித்திரவதையைத் தடுக்கிற அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை இருக்கிறது, உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மீறல் மனுப் போடலாம் என்று. முப்பது வருடம் படிப்பித்ததாயிற்றே. பட்டணத்தில் என்னிடம் படித்த ஒரு சட்டத்தரணி இருக்கிறார், அவருக்கு உடனே கோல் எடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன நடந்தது என்பதில்லை. "ரீச்சர், நடந்து எத்தனை நாள்?" என்றுதான் கேட்டார். நாற்பத்துமூன்று நாள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒரு மாதம் முடிஞ்சு போச்சே ரீச்சர்" என்றார்.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. சட்டத்தை உருவாக்குகிற இடத்தில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கத்தின் நிருவாகமோ அதிகாரிகளோ ஒருவரது அடிப்படை உரிமையை மீறினால் அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். உயர் நீதிமன்றம் ஒன்றுதான், அது கொழும்பில் புதுக்கடையில் இருக்கிறது. போக வேண்டியது ஒரு மாதத்துக்குள். தானாகப் போக வேண்டும், அல்லது சட்டத்தரணி ஒருவர் மூலம் போக வேண்டும், தாயோ தமையனோ தங்கள் பேரில் போட ஏலாது. நடைமுறையில் மனு ஆங்கிலத்தில் தயாராக வேண்டும், சத்தியக் கடதாசி வேண்டும், ஆவணங்கள் வேண்டும், கொழும்பில் ஒரு சட்டத்தரணி வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இராத்திரிப் பாடுமீன் ரயில் ஏறினால் விடியத்தான் கோட்டையில் இறங்கலாம். வெட்டு மெசின் ஓட்டி நாள் சம்பளம் எடுக்கிறவனுக்கு ஒரு தவணைக்குப் போய்வர மூன்று நாள் சம்பளம் போகும், சட்டத்தரணிக்கான செலவு வேறு.

ஒரு வழி இருந்தது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. என் மகன் முறையானவன் அந்த ஒரு மாதத்துக்குள் மட்டக்களப்புப் பட்டணத்துக்கு மூன்று தரம் கிளினிக்குக்கு வந்து போயிருக்கிறான். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் கதவு மூடியிருக்காது. அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. முப்பது வருடம் உரிமைகளைப் படிப்பித்த எனக்கு, அந்த உரிமையைக் கேட்கப் போகிற பாதையும் அதற்கான நாளும் தெரியவில்லை. பாடப் புத்தகத்தில் அது இருக்கவில்லை.

ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை நாங்கள் குறைந்தவர்கள் இல்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில், ஐசிசிபிஆர் என்று சொல்வார்களே, அதில் இலங்கை 1980 ஜூனில் சேர்ந்தது. அதே நாளில் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சமவாயம் 1981, சிறுவர் உரிமைச் சமவாயம் 1991, சித்திரவதைக்கெதிரான சமவாயம் 1994, வலிந்து காணாமலாக்கப்படுவதற்கெதிரான சமவாயம் 2016. பல நாடுகள் போடாத கையெழுத்தை எல்லாம் போட்டிருக்கிறோம். ஆனால் எங்கள் சட்டமுறையில், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் அது உள்நாட்டு நீதிமன்றத்தில் உரிமையாகாது. பாராளுமன்றம் அதற்கென்று சட்டம் இயற்ற வேண்டும். அதாவது நீங்கள் கை உயர்த்த வேண்டும். நீங்கள் உயர்த்தாத வரைக்கும் அந்த ஒப்பந்தம் அரசாங்கங்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கு. எங்கள் கையில் ஒன்றுமில்லை.

இதை மட்டக்களப்பான் ஒருவரை வைத்தே சட்டப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தது இந்த விசயத்தில் தேடத் தொடங்கிய பிறகுதான். சிங்கராசா வழக்கு. 1993 ஜூலையில் எங்கள் மாவட்டத்தில் ஒரு சுற்றிவளைப்பில், வீட்டில் படுத்திருந்த மனிதரை மற்ற ஆண்களோடு சேர்த்துப் பிடித்தார்கள். சிங்களத்தில் எழுதிய ஒரு வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்டது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. யாழ்ப்பாணக் கோட்டையையும் ஆனையிறவையும் தாக்கியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள். அவருக்கெதிரான சாட்சி அந்த வாக்குமூலம்தான். 1995இல் 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவர் எடுத்த வாக்குமூலம் செல்லும், அது அடித்து வாங்கியது என்றால் அடிபட்டவரே அதை நிரூபிக்க வேண்டும். மூடிய அறைக்குள் நடந்ததை எப்படி நிரூபிப்பது?

அவர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவுக்குப் போனார். தனிநபர்கள் அங்கே முறையிடலாம் என்ற விருப்பு நெறிமுறையில் இலங்கை 1997இல் சேர்ந்திருந்தது. 2004 ஜூலையில் அந்தக் குழு, நிரூபிக்கிற பாரத்தை அவர் தலையில் போட்டது ஐசிசிபிஆரின் 14ஆம் உறுப்புரைக்கு முரண், அவரை விடுவிக்க வேண்டும் அல்லது மறுபடி விசாரிக்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அந்த முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மறுபடி எங்கள் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2006 செப்டெம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு, 1997இல் ஜனாதிபதி அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் சட்டம் இயற்றாமல் ஜனாதிபதி தனியாக இப்படிச் செய்ய ஏலாது என்பது காரணம். மட்டக்களப்பிலிருந்து ஜெனீவா வரைக்கும் போய் வென்று திரும்பி வந்தவர், புதுக்கடையில் வெறுங்கையோடு நின்றார்.

அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சட்டம் தெரிந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், கடுமையாக விமர்சித்தும் இருக்கிறார்கள். எனக்கு அதில் படுவது ஒன்று: பாராளுமன்றம் சட்டம் இயற்றவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. சரி, அப்படியென்றால் இயற்றுங்கள். 2006இலிருந்து எத்தனை பாராளுமன்றம் வந்து போனது? அந்த நெறிமுறையிலிருந்து இலங்கை விலகவும் இல்லை, அதை உள்நாட்டில் செல்லுபடியாக்கவும் இல்லை.

இதே உயர் நீதிமன்றம்தான் 2000ஆம் ஆண்டு வீரவன்ச வழக்கில், நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் தீர்ப்பில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட ஒருவரின் உரிமையைப் பற்றிப் பேசும்போது இந்த ஐசிசிபிஆரையும், ஐக்கிய நாடுகள் குழுவுக்குப் போகிற உரிமையையும் துணைக்கு எடுத்தது. ஆறு வருட இடைவெளியில் இரண்டு விதம். நீதியரசரின் மனத்தைப் பொறுத்து உரிமை கூடுவதும் குறைவதும் எங்களுக்குத் தாங்காது, எழுத்தில் வேண்டும்.

2007இல் ஐசிசிபிஆர் சட்டம் என்று 56ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. எங்கள் ஏற்றுமதிப் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கிற ஜீஎஸ்பி பிளஸ் என்ற வரிச் சலுகைக்காக அவசரமாக வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். உடன்படிக்கையில் இருக்கிற உரிமைகளில் ஒரு சிலவற்றைத்தான் அதில் எழுதினார்கள். ஆனால் வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கிற 3ஆம் பிரிவை முழுசாக எழுதினார்கள், அந்தக் குற்றத்துக்குப் பிணை வேண்டுமென்றால் மேல் நீதிமன்றம்தான் போக வேண்டும் என்றும் எழுதினார்கள். நடந்தது என்ன? 2019இல் ஒரு சிறுகதை எழுதியதற்காகச் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை நான்கு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். அதே வருடம், உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தின் படத்தைத் தர்மச் சக்கரம் என்று நினைத்து ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 2020இல் முகநூலில் எழுதியதற்காக ரம்சி ராசிக்கைப் பிடித்து ஐந்து மாதம் வைத்திருந்தார்கள், அவருடைய உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. திகன, அம்பாறை என்று 2018இல் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்தவர்களை நினைத்துப் பாருங்கள், யாரைப் பிடிக்க அந்தச் சட்டம் வந்திருக்க வேண்டும் என்று. மனித உரிமை உடன்படிக்கையின் பெயரிலேயே மனிதர்களை உள்ளே போடுகிற நிலை எங்கள் நாட்டில் வந்ததற்குக் காரணம், உரிமைப் பக்கத்தைப் பாதியும் தண்டனைப் பக்கத்தை முழுதுமாக எழுதியதுதான்.

ஆனால் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஒரு நல்ல விசயம் கிடக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அந்தச் சட்டத்தில் சொன்ன சில உரிமைகளை நிருவாகம் மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கு மூன்று மாத அவகாசம். மாகாண மேல் நீதிமன்றம் என்றால் மட்டக்களப்பு, கல்முனை. மூன்று மாதம் என்றால் காயம் ஆறி, பயம் கொஞ்சம் தெளிந்து, ஒரு ரீச்சரைத் தேடி வர நேரம் இருக்கும். ஆனால் சித்திரவதைக்கெதிரான உரிமை அந்தப் பட்டியலில் இல்லை.

அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த அரசியலமைப்பு வந்த 1978க்கு முந்திய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது. இதை நான் காணி பெர்மிட் கடிதங்கள் எழுதித்தான் விளங்கிக்கொண்டேன். எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. அது சட்டமாக வருமுன்னே இருந்த வழமை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆனால் அரச காணிக்குப் பெர்மிட் வாங்கினவர் வாரிசு பெயர் போடாமல் செத்துவிட்டால், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் மகனை முதலில் வைத்தது, மகள் பிறகுதான். தாயோடு இருந்து தகப்பனைப் பார்த்துத் தண்ணீர் வார்த்த மகள், எங்கேயோ கலியாணம் முடித்துப் போன தமையனிடம் காணிக்காகக் கையேந்தி நின்ற கடிதங்கள் எத்தனை எழுதியிருக்கிறேன். இலங்கை பெண்கள் சமவாயத்தை ஏற்றது 1981இல். காணிச் சட்டத்தின் அந்த வாரிசு அட்டவணையைத் திருத்தியது 2022இல். நாற்பத்தொரு வருடம். இடையில் எந்த மகளும் அந்தச் சட்டம் சமத்துவத்துக்கு முரண் என்று நீதிமன்றத்தில் கேட்டு அதை அகற்ற முடியவில்லை, 16ஆம் உறுப்புரை மறித்து நின்றது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் தங்கள் கலியாணப் பதிவில் தாங்களே கையெழுத்துப் போடுகிற உரிமையைக் கேட்டுப் பல வருடமாகப் பேசி வருகிற எங்கள் பகுதி முஸ்லிம் பெண்களுக்கும் அதே உறுப்புரைதான் மறிப்பு. அது அவர்களுடைய சமூகத்து விசயம், அவர்களே பேசித் தீர்க்கட்டும் என்று சொல்கிறவர்கள், அவர்கள் போகக்கூடிய நீதிமன்றக் கதவு பூட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தங்களால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நான் எழுதுவதாக நினைக்காதீர்கள். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், சித்திரவதை செய்தவருக்கு ஏழு வருடத்திலிருந்து பத்து வருடம் வரைக்கும் சிறை என்கிறது, அது அந்தச் சமவாயம் இல்லாமல் வந்திருக்காது. என் மகன் முறையானவனுக்கு அந்த வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது, அதற்கு ஒரு மாதக் கணக்கு இல்லை. ஆனால் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டியவர் சட்டமா அதிபர், விசாரித்துக் கொடுக்க வேண்டியது பொலிஸ். 2018இன் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்குவதை இருபது வருடம் வரை சிறை வைக்கக்கூடிய குற்றமாக்கியது. அதுவும் சமவாயத்தால் வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 18 மாதம் வரை நீட்டக்கூடிய தடுப்புக் கட்டளை 2022இல் 12 மாதமாகக் குறைந்ததும் வெளியிலிருந்து வந்த நெருக்குதலால்தான். 1979இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டு வந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. 2021 மே மாதம் இறுதி யுத்தத்தில் செத்தவர்களுக்கு எங்கள் மாவட்டத்துக் கடற்கரையில் விளக்கு வைக்கப் போன பத்துப் பேரைப் பிடித்து மாதக்கணக்கில் வைத்திருந்ததும் அதே சட்டத்தில்தான். ஆறு மாதம் குறைந்ததை நான் சிறுமைப்படுத்தவில்லை. உள்ளே இருப்பவரின் தாய்க்கு ஆறு மாதம் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் சிங்கராசாவை உள்ளே வைத்த அந்த 16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவில்லை.

ஜீஎஸ்பி பிளஸ் விசயத்தில் எனக்கு ஒரு மனக்கவலை உண்டு. ஒப்பந்தங்களை மதிக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் சலுகையை நிறுத்தியது, 2017இல் திருப்பிக் கொடுத்தது. அரசாங்கத்தை அசைக்கிற பலம் அதற்கு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏழு வருடமும் அடி விழுந்தது ஆடைத் தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் குந்தியிருக்கிற பிள்ளைகளின் வேலையில். அடித்தவன் பதவியில் இருப்பான், தைக்கிறவள் சம்பளத்தை இழப்பாள். உள்நாட்டுக் கதவு ஒழுங்காகத் திறந்தால் இந்த வெளிச் சவுக்கு தேவைப்படாது.

உள்நாட்டுக் கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்கள், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம். ஞாயிறு பாடசாலை முடித்து வெளியில் நின்ற பிள்ளைகள். அந்தத் தாக்குதல்களைத் தடுக்கத் தவறியதற்காகப் போட்ட பன்னிரண்டு மனுக்களில் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாட்டின் முன்னாள் ஜனாதிபதியைச் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. இப்படியும் எங்கள் நாட்டில் நடக்கும் என்று அன்றைக்கு மனம் நிறைந்தது. ஆனால் மனு போட்ட நாளிலிருந்து தீர்ப்புக்கு மூன்றரை வருடத்துக்கு மேல். அரசியலமைப்பு இரண்டு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. எங்களுக்கு ஒரு மாதக் கெடு கட்டாயம், நீதிமன்றத்துக்கு இரண்டு மாதக் கெடு கட்டாயமில்லை. இது எப்படி நியாயம் என்று நீங்கள் ஒரு தரமாவது சபையில் கேட்க வேண்டும்.

பழைய காயங்களைப் பற்றியும் ஒரு சொல். 1991 ஜூன் 12 கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு. ஆணைக்குழு விசாரித்து 67 பேர் கொல்லப்பட்டதாகச் சொன்னது, ஓர் இராணுவ அதிகாரி சேவையிலிருந்து நீக்கப்பட்டார், கொலைக்கென்று எவரும் சிறைக்குப் போகவில்லை. அப்போது ஐசிசிபிஆரில் சேர்ந்து பதினொரு வருடம். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள், நூறு பேருக்கு மேல். அதே வருடம் ஜூனில் அம்பாறையில், சரணடைந்த பொலிஸாரை நூற்றுக்கணக்கில் சுட்டதும் அவர்கள்தான். சத்துருக்கொண்டான், ஏறாவூர், வீரமுனை, வந்தாறுமூலை என்று அந்தக் காலத்தில் ஆட்கள் கொல்லப்பட்ட, காணாமல்போன ஊர்கள் இன்னும் இருக்கின்றன, எல்லாவற்றையும் செய்தது ஒரே பக்கமில்லை. இந்த உடன்படிக்கைகள் அரசாங்கங்களைத்தான் கட்டுப்படுத்தும், இயக்கங்களை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று ஒரு கேள்வி வரும். செய்தது யாராக இருந்தாலும் விசாரித்து நீதி கொடுக்கிற கடமை அரசாங்கத்துடையது, அது உடன்படிக்கையிலேயே இருக்கிறது. காத்தான்குடித் தாய்க்கும் மகிழடித்தீவுத் தாய்க்கும் அந்தக் கடமை ஒன்றுதான், இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. தன் பக்கத்துச் சாவை மட்டும் எண்ணுகிறவர் உங்களில் யாராவது இருந்தால், தயவு செய்து மற்றப் பக்கத்தையும் ஒரு தரம் எண்ணிப் பாருங்கள்.

வருடா வருடம் மனித உரிமைகள் பேரவை கூடும்போது உங்களில் சிலர் ஜெனீவா போகிறீர்கள், சிலர் இங்கேயிருந்து அறிக்கை விடுகிறீர்கள், சிலர் வெளிநாட்டுத் தலையீடு என்று எதிர்க்கிறீர்கள். 2015இல், யுத்தகால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறச் சொன்ன பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு அரசாங்கமே இணை அனுசரணை கொடுத்தது, 2020இல் விலகியது. அதைப் பற்றிப் பேசுகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, பேசுங்கள். ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு விசாவும் வேண்டாம், விமான ரிக்கட்டும் வேண்டாம்.

126ஆம் உறுப்புரையைத் திருத்துங்கள். ஒரு மாதத்தைக் குறைந்தது ஆறு மாதமாக்குங்கள். காவலிலோ சிகிச்சையிலோ இருந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எழுத்தில் போடுங்கள். உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் அப்படி இரங்கியிருக்கிறது, ஆனால் இரக்கத்தை நம்பி ஏழை கொழும்புக்கு ரயில் ஏற மாட்டான். அடிப்படை உரிமை மனுக்களை முதலில் மாகாண மேல் நீதிமன்றம் கேட்கட்டும், மேன்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகட்டும். இது புதுமை இல்லை. 13ஆவது திருத்தம் 1987இலேயே ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்துக்குக் கொடுத்துவிட்டது. இறுதி யுத்தத்தில் சரணடைந்தவர்களைக் கொண்டுவந்து நிறுத்தும்படி இராணுவத்துக்குக் கட்டளையிட்டது வவுனியா மேல் நீதிமன்றம்தான். ஆளைக் கொண்டுவா என்று கேட்கிற அதிகாரம் கொடுக்கலாமென்றால், ஏன் அடித்தாய் என்று கேட்கிற அதிகாரத்தையும் கொடுக்கலாம். வழக்கு தமிழில் நடக்கும், சாட்சி தமிழில் சொல்லலாம், அம்பாறைச் சிங்கள விவசாயிக்கும் கொழும்பு ஓட வேண்டியதில்லை.

மூன்றில் இரண்டு வேண்டும், தெரியும். இந்தப் பாராளுமன்றத்தில் ஆளும் கட்சிக்கு 159 ஆசனம் இருக்கிறது. ஆளும் பக்கத்தில் இருக்கிற கிழக்கு உறுப்பினர்களுக்கு இதை நான் நேராகச் சொல்கிறேன்: உங்கள் கட்சிக்குள் எழுதிக் கொடுங்கள், குழுக் கூட்டத்தில் கேளுங்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் தனிநபர் பிரேரணை கொண்டு வாருங்கள், தோற்றாலும் அது சபை அறிக்கையான ஹன்சாட்டில் பதிவாகும். புதிய அரசியலமைப்பு வரும்போது பார்க்கலாம் என்று சொல்ல வேண்டாம். அந்தப் பதிலை என் தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து கேட்டு வருகிறேன்.

இடைப்பட்ட காலத்தில் சட்டம் ஒன்றும் தேவைப்படாத வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவிலும், ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், ஒவ்வொரு கிராம சேவகர் அலுவலகச் சுவரிலும் மூன்று மொழியில் ஒரு அறிவித்தல் ஒட்டச் செய்யுங்கள். பொலிஸோ வேறு அதிகாரிகளோ உங்களுக்கு அநியாயம் செய்தால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள், அலுவலகம் இந்த இடத்தில் இருக்கிறது, இவ்வளவு போதும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த கிழமை ஒட்டிவிடுவார்கள். காகிதச் செலவு நான் தருகிறேன்.

என் மகன் முறையானவன் தன் பெயரை இதில் போட வேண்டாம் என்றான். உங்களில் யாராவது நேரில் வந்தால் பேசுகிறேன் என்றும் சொன்னான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பான், வெட்டுக் காலம் என்றால் இரவாகும். வருகிறவர் அவனுடைய வலது பக்கமாக இருந்து பேச வேண்டும்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை